மறுபடியும் கைநாட்டு



போன மாதம் பெரியம்மாவைப் பார்க்கத் தாப்பா போயிருந்தேன். ஈடிஎஸ் ரயிலில் தாப்பா ரோட் நிலையத்தில் இறங்கினால், ஊருக்குள் போக இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். முன்பெல்லாம் நிலையத்து வாசலில் நின்று தெரிந்த முகம் ஏதாவது தென்படுகிறதா என்று பார்ப்போம். இப்போது இறங்கிய எல்லாரும் குனிந்து கைப்பேசியைப் பார்க்கிறோம், நான் உட்பட. பயணச்சீட்டு அதில், கார் அழைப்பது அதில், காசு கொடுப்பதும் அதில். சட்டைப்பையில் வைத்திருந்த ஐம்பது வெள்ளி நோட்டு கோலாலம்பூரிலிருந்து போனபடியே திரும்பி வந்தது.

மறுநாள் காலை பெரியம்மாவை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், இது எங்கேயும் நடக்கக்கூடியதுதான். எண் சீட்டு வாங்கி, நாற்பது நிமிடம் காத்திருந்து, முகப்பிடத்துக்குப் போனோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. மைகாட் அடையாள அட்டையைச் செருகிப் பெருவிரலை வைக்கச் சொன்னார் அங்கிருந்த மலாய்க்காரப் பெண். பெரியம்மா வைத்தார். பீப் என்றது. சேரவில்லையாம்.

"சுபா லாகி, நெனெக்." இன்னொரு தடவை வையுங்கள் பாட்டி என்கிறார். வைத்தார். பீப். மெல்லிய தாளை எடுத்து விரலைத் துடைத்துவிட்டார் அந்தப் பெண். பீப். தன் மேசையிலிருந்த கைக்குப் பூசும் கிரீமைக் கொஞ்சம் எடுத்துத் தடவிப் பார்த்தார். பீப். இடது கைப் பெருவிரல். பீப். பின்னால் வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பெரியம்மா பெருவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார், அது வேறு யாருடையதோ மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பி, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்:

"முப்பத்தஞ்சு வருசம் கிராணி முன்னால கைநாட்டு வச்சிருக்கேன். ஒரு நாளாவது, இது ஒன் வெரலு இல்லன்னு எவனாச்சும் சொல்லியிருக்கானா?"

கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. பெரியம்மாவுக்கு 78 வயது. பதினாறு வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, தனக்கு ஒதுக்கிய நிரைக்குப் போய், ஒரு காலையில் ஐந்நூறு மரம்போல வெட்டுவார். ஒவ்வொரு மரத்திலும் உளியை வைக்குமுன் முதல் நாள் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து இழுக்க வேண்டும். அப்புறம் பால் உறையாமல் இருக்க அமோனியா, வாளி, கழுவல். நாளைக்கு ஐந்நூறு இழுப்பு என்றால் முப்பத்தைந்து வருடத்துக்கு எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வயதானால் தோல் தளர்ந்து ரேகை மங்குவது எல்லாருக்கும் உள்ளது. கைவேலை செய்தவர்களுக்கு அது சீக்கிரமே வந்துவிடுகிறது.

கடைசியில் அந்தப் பெண் பெட்டியை ஓரமாகத் தள்ளினார். ஒரு படிவம் எடுத்தார். படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டார். பிறந்த தேதி, அம்மா பெயர், பழைய முகவரி கேட்டார். பெரியம்மா தோட்டத்தின் பெயரையும் லயத்து நம்பரையும் சேர்த்தே சொன்னார். அந்தப் பெண் தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு வேலையை முடித்துக் கொடுத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ரயிலில் திரும்பும்போது எனக்கு அந்தச் சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது. கைநாட்டு. சின்ன வயதில் எங்களுக்குள் சண்டை வந்தால் வாயில் வரும் பெரிய வசவுகளில் அது ஒன்று. "போடா, ஒங்கப்பன் கைநாட்டு" என்றால் அடிதடிதான். சம்பள நாளில் மை தடவிய பெட்டியில் விரலை அழுத்தி, செக்ரோல் புத்தகத்தில் பதித்துவிட்டு, தலைமுடியில் துடைத்துக்கொண்டு வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். அந்த மையைக் குடும்பத்திலிருந்து துடைக்கத்தான் தோட்டத்துப் பள்ளிக்கு ஓடினோம். பெயர் எழுதக் கற்றோம். இப்போது வழக்கறிஞரான மகனும் மருத்துவரான மகளும் வங்கியில் போய்ப் பெருவிரலைத்தான் வைக்கிறார்கள். கைப்பேசி திறப்பதற்கும் விரல்தான். மறுபடியும் நாம் எல்லாரும் கைநாட்டு. ஒரே வித்தியாசம், நிஜமாகக் கைநாட்டு வைத்த தலைமுறையின் விரலை மட்டும் இந்தப் பெட்டிக்கு அடையாளம் தெரியவில்லை.

இந்த நாட்டில் சாதாரண மக்களின் ரேகையை அட்டையில் ஏற்றிய கதை மைகாட்டுக்கு வெகுகாலம் முன்பே தொடங்குகிறது. 1948-இல், கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை அடக்க, அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் அடையாள அட்டை எடுத்தாக வேண்டும் என்று காலனி அரசு உத்தரவு போட்டது. அட்டையில் புகைப்படம், பெருவிரல் ரேகை. காட்டில் இருப்பவன் யார், தோட்டத்தில் இருப்பவன் யார் என்று பிரித்தறிவதற்காக வந்த ஏற்பாடு அது. காட்டிலிருந்து வந்தவர்கள் தொழிலாளர்களின் அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார்கள். அட்டை இல்லையென்றால் போலீஸ் பிடிக்கும், அட்டை வைத்திருந்தால் காட்டுக்காரன் பிடுங்குவான். பேராக் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிகள் நடுவில் நின்றார்கள். எங்கள் தாத்தா கடைசிவரை தன் அட்டையைப் பிஸ்கட் டின்னுக்குள் பூட்டித்தான் வைத்திருந்தார்.

2001-இல் வந்த மைகாட்டில் சில்லு இருந்தது, அதற்குள் இரண்டு பெருவிரலின் ரேகையும் இருந்தது. அப்போது அதன் பெருமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். பிறகு மறந்துவிட்டோம். பணப்பையில் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். 2025-இல் அது திரும்பவும் நம் கைக்கு வந்தது. ஆகஸ்ட் 31 முதல் பெரியவர்கள் எல்லாருக்கும், ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் குடிமக்களுக்கு, அடிப்படைப் பொருள்கள் வாங்க நூறு வெள்ளி சாரா உதவியை அரசு மைகாட் வழியாகவே கொடுத்தது. மனு இல்லை, வரிசை இல்லை. கடையில் அரிசியையும் எண்ணெயையும் எடுத்துவிட்டு அட்டையை நீட்டினால் போதும். செப்டம்பர் இறுதியில் பெட்ரோலும் அப்படியே ஆனது. மைகாட்டைக் காட்டினால் லிட்டர் 1 வெள்ளி 99 சென் என்று விலை வைத்தார்கள்.

இதில் நல்லது இருக்கிறது, அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் உதவித்தொகை என்றால் யாராவது ஒரு தலைவரின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். படிவத்தில் ஒரு கையெழுத்து வாங்க மூன்று தடவை நடக்க வேண்டும், நாலாவது தடவை அவர் படத்தோடு நம்மைப் பத்திரிகையில் போடுவார்கள். (அந்தப் படங்களில் சிலவற்றை நாங்களும் போட்டிருக்கிறோம்.) அந்த வாசல் இல்லாமல் பெரியம்மா தன் அட்டையோடு நேரே கடைக்குப் போய் அரிசி வாங்கி வந்தார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு மிடுக்கு தெரிந்தது.

ஆனால் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அந்த மிடுக்கு இல்லை. அவருடையது சிவப்பு அட்டை. இந்த மண்ணிலேயே வளர்ந்து, இந்த மரங்களையே வெட்டி, பிறப்புச் சான்றிதழ் ஒழுங்காகப் பதியாததாலோ, எப்போதோ ஒரு மனு பதிலில்லாமல் போனதாலோ, நிரந்தரவாசியாகவே கிழவியாகிப் போனவர். நம்மில் இப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முன்பெல்லாம் அட்டையின் நிறம் எப்போதாவது ஒரு முறை, தேர்தலிலோ மனுவிலோ உறுத்தும். இப்போது மளிகைக் கடையிலும் எண்ணெய் நிலையத்திலும் உறுத்துகிறது. இயந்திரம் அவரை வையவில்லை, விரட்டவில்லை. தகுதி இல்லை என்று திரையில் ஒரு வரி காட்டுகிறது. எதிர்த்துப் பேச அங்கே ஆள் கிடையாது.

நான் இந்தப் பக்கத்தில் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. தோட்டத்தில் நமக்கு நேர்ந்த அநியாயங்களை யாரும் பூசி மெழுக வேண்டாம். கிராணி செக்ரோலில் அரை நாள் குறைத்துப் போடுவார், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நல்ல நிரையை வேண்டியவனுக்குக் கொடுப்பார். ஆனால் அந்தக் கிராணியின் வீடு எது என்று நமக்குத் தெரியும். சாயங்காலம் போய்க் கேட்கலாம், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தம் போடலாம். 1954-இல் பி.பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, எதிரே உட்கார்ந்து பேச ஒரு தரப்பு இருந்தது. தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது.

பெரியம்மாவின் பேரன் உணவு விநியோகம் செய்கிறான். மோட்டார் சைக்கிள், முதுகில் பெரிய பெட்டி. அவன் பெரட்டு நடப்பது கைப்பேசியில். எந்த நிரை, எவ்வளவு தூரம், எத்தனை காசு, எல்லாம் செயலி சொல்கிறது. ஒரு மழை நாளில் இரண்டு ஆர்டரை மறுத்தானாம், அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க வேலை மெலிந்துபோனது என்கிறான். அதனால்தானா, வேறு காரணமா? அவனுக்குத் தெரியாது. யாரைக் கேட்பது? அதுவும் தெரியாது. பாட்டி காலத்து மண்டோருக்கு ஓரவஞ்சனை இருந்தது, இந்த மண்டோருக்கு என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. 2025-இல் நாடாளுமன்றம் இவனைப் போன்ற கிக் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்ட மசோதாவை நிறைவேற்றியது, தகராறுகளை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயம் என்ற ஏற்பாட்டோடு. அந்தக் கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதைப் பேரன்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு பழைய ஆளையும் நினைத்துக்கொள்கிறேன். கடிதம் படித்துச் சொல்பவர். எங்கள் தோட்டத்தில் அது பள்ளி வாத்தியார். ஊரிலிருந்து, அதாவது தமிழ்நாட்டிலிருந்து, கடிதம் வந்தால் அவரிடம்தான் போகும். யார் வீட்டில் கடன், யார் மகளுக்கு வரன் தட்டிப்போனது, யார் தம்பி நிலத்தை ஏமாற்றி எழுதிக்கொண்டான், எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே வந்ததில்லை. சாவுச் செய்தி வந்த கடிதத்தை, ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை பையிலேயே வைத்திருந்து பிறகு படித்தவர் அவர். அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, பயிற்சியும் கொடுக்கவில்லை.

இன்று அந்த வேலையை யார் செய்கிறார்கள்? தாப்பாக் கடைத்தெருவில் ஒரு கைப்பேசிக் கடையில் உட்கார்ந்திருந்தேன், பெரியம்மாவின் போனுக்குக் கண்ணாடி மாற்ற. அரை மணி நேரத்தில் நாலு பெரியவர்கள் வந்தார்கள். ஒருவருக்கு உதவித்தொகை விண்ணப்பத்தின் நிலை பார்க்க வேண்டும். ஒருவருக்குச் சேமநிதிக் கணக்கு. ஒருவருக்குக் கடவுச்சொல் மறந்துவிட்டது. கடைப் பையன் அலுத்துக்கொள்ளாமல் மேசைக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தான். பழைய மளிகைக் கடைகளில் கடன் எழுதும் அதே 555 புத்தகம். அதில் வரிசையாகப் பெயர், அடையாள அட்டை எண், கடவுச்சொல். பாதிப்பேருக்குப் பேரப்பிள்ளையின் பெயரே கடவுச்சொல். எனக்கு வயிறு கலங்கியது. "தம்பி, இந்தப் புக்கு தொலஞ்சா?" என்றேன். "இந்தப் புக்கு இல்லன்னா இவங்க எல்லாம் தொலஞ்சிருவாங்க அண்ணே" என்றான் அவன்.

அவன் சொன்னதும் உண்மை, என் வயிற்றுக் கலக்கமும் உண்மை. அந்தப் பையன் நல்லவன், நம் அதிர்ஷ்டம். 1960-களின் இறுதியில் தாப்பாவுக்கு மேலே வோ நீர்மின் நிலையத்தில் மின்சாரம் ஓடத் தொடங்கிய பிறகும், எங்கள் லயத்தில் இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். வசதி மேலே ஓடும், நமக்கு விளக்கு மெதுவாகத்தான் வரும். அந்த இடைவெளியில் யாராவது ஒருவர் மண்ணெண்ணெய் விளக்கோடு நிற்பார். இன்றைக்கு அப்படி நிற்பவன் இந்த 555 புத்தகக்காரன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பெரியம்மா தன் கைப்பேசியை எவ்வளவு நேசிக்கிறார் என்பதைச் சொல்லாவிட்டால் பொய்யனாவேன். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் வாட்சாப்பில் குரல் பதிவு அனுப்பத் தெரியும். (நாம் அச்சில் புலனம் என்று போடுகிறோம், வீட்டில் யார் அப்படிச் சொல்கிறோம்?) ஜொகூரில் இருக்கும் மகளுக்குக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அழுத்திப் பிடித்துக்கொண்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் ரொட்டி கடிக்கிறவர் மாதிரி வைத்துக்கொண்டு பேசுவார். அறுபது வருடமாகப் பிறர் கையால் எழுதி, பிறர் வாயால் படிக்கக் கேட்டவர், முதல் முறையாகத் தன் குரலிலேயே கடிதம் போடுகிறார். மகளிடம் தனியாகச் சொல்ல வேண்டியதை எந்த வாத்தியாரும் கேட்காமல் சொல்கிறார். நம் மலேசியர் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் அறிமுகமானபோது, கைப்பேசியில் தமிழ் எழுத்தைப் பார்த்து நாங்கள் துள்ளிக் குதித்தோம். எழுதத் தெரிந்தவர்களுக்கு அது திருநாள். எழுதத் தெரியாதவர்களின் திருநாள் இந்த ஒலிவாங்கிப் பொத்தானோடு வந்தது.

அதே பெருவிரல், அதே பொத்தான், வேறொரு காரியமும் செய்கிறது. 2024 ஜூலையில், டிக்டாக்கில் பலர் அறிந்த ஒரு தமிழ்ப் பெண் இணையத்தில் தொடர்ந்து அவமானப்படுத்தப்பட்ட பின் உயிரை மாய்த்துக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் நூறு வெள்ளி. 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தில் அதற்கு மேல் விதிக்க வழியில்லை. நாடே கொதித்தது. தண்டனைச் சட்டத் தொகுப்பு திருத்தப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் பகடிவதைக்கென்றே தனிப் பிரிவுகள் நடப்புக்கு வந்தன. ஒருவரைத் தற்கொலைக்குத் தள்ளும் அளவுக்குப் போனால் பத்து ஆண்டு வரை சிறை உண்டு.

சட்டம் வந்தது நல்லது. என்னை உறுத்துவது வேறு. அந்தப் பெண்ணை வதைத்த பேச்சு நம் மொழியிலேயே நடந்தது. நேரலையில் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் நம் ஆட்கள். குழாயடிச் சண்டை நமக்குப் புதிதல்ல, லயத்தில் வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறோம். ஆனால் மறுநாள் விடியுமுன் பெரட்டில் அதே ஆள் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். அவள் பிள்ளை அழுதால் ஆயாக் கொட்டகையில் நம் பிள்ளையோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டும். அந்தக் கூச்சம் பாதிச் சண்டையை நிறுத்தியது. இருதயக் குறியைத் தட்டிவிட்டு அடுத்த காணொளிக்கு நகர்கிறவனுக்கு அந்தக் கூச்சம் எங்கிருந்து வரும்? அப்படி ஒன்று உங்கள் திரையில் ஓடினால் பார்க்காதீர்கள், பகிராதீர்கள், தெரிந்த ஆளாக இருந்தால் நேரே கூப்பிட்டுச் சொல்லுங்கள். எழுத்தில் அல்ல, வாயால்.

மோசடிக்காரர்களைப் பற்றித் தனிக் கட்டுரை இந்த இதழில் இருக்கிறது, ஆகையால் இங்கே ஒரே வரி: வங்கி, போலீஸ், நீதிமன்றம் என்று சொல்லிக் கூப்பிட்டுப் பணம் பறித்திருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 997-க்கு அழையுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. அடுப்படிச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், பெரியம்மா வீட்டில் நான் ஒட்டிவிட்டு வந்தேன்.

அலுவலகங்களில் இருப்போரிடம் ஒரு விண்ணப்பம். நம் வாசகர்களில் முகப்பிடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பலர் உண்டு என்பது எனக்குத் தெரியும். அந்தக் கறுப்புப் பெட்டி மறுக்கும்போது, அதை ஓரம் தள்ளிவிட்டு முகத்தைப் பார்க்கிற அதிகாரத்தை உங்கள் மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி ஒரு கிழவியைத் திருப்பி அனுப்பாதீர்கள். அவர் திரும்ப வர ஒரு பேரன் லீவு போட வேண்டும்.

இளையவர்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. உங்கள் தாமானில், கோயில் மண்டபத்தில், பழைய தோட்டத்துக்காரர்கள் இருக்கும் இடத்தில், மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காருங்கள். படிவம், கடவுச்சொல், குறுஞ்செய்தி, எதுவானாலும் படித்துச் சொல்லுங்கள். படித்ததை அங்கேயே மறந்துவிடுங்கள். ஏற்கெனவே இப்படி உட்காருகிறவர்கள் இருந்தால், எந்த ஊர், எந்த மண்டபம், எந்த நேரம் என்று எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். அடுத்த இதழில் ஊர் வாரியாகப் போடுகிறோம். தாப்பா, பீடோர், தெமோ, சுங்கை, கம்பார் பக்கத்து வாசகர்கள் முதலில் எழுதினால் மகிழ்வேன்.

கையால் எழுதித் தபாலில் போட்டாலும் சரி, தட்டச்சு செய்து அனுப்பினாலும் சரி. எழுத வராதவர்கள் குரல் பதிவாக அனுப்புங்கள். நானே கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்